இங்கே அணையவில்லை

மகன் போய்ச் சேர்ந்த பிறகும் அவனுடைய கணினி ஆபீஸில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. வேறு ஊரில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் நம் வீட்டில் உட்கார்ந்தே நுழையலாம் என்று, அவனோடு வேலை பார்த்த ஒல்லி, தன் மடிக்கணினியோடு வந்தான். பேர்தான் ஒல்லி, சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொப்பை.

மருமகள் கேட்டது ஒன்றே ஒன்று. மகன் தன் குழந்தைக்காகப் பேசிப் பதிந்து வைத்திருந்த குரல். குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். ஒல்லி ஒரு வரி தட்டினான். அங்கிருந்து பதில் வந்தது.

“உள்ளே போயாச்சுப்பா. இப்ப இங்க எதைத் தட்டினாலும் அங்க நடக்கும்.”

“அங்க இருக்கிறவன் இங்க வந்து தட்ட மாட்டான்னு என்ன நிச்சயம்?”

“உங்க பையனும் இப்படித்தான் கேட்பான். அதான் பூட்டு போட்டு வச்சிருக்கான். ஓடுற வரைக்கும் திறந்திருக்கும். ஒரு தடவை நின்னுதுன்னா கடவுச்சொல் இல்லாம திறக்காது.”

“அது யாருக்குத் தெரியும்?”

“அவனுக்குத்தான்.”

மருமகள் அழுது முடித்திருந்தாள். எனக்கு அழுகை வரவே இல்லை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் படங்கள் வந்து இறங்கின. அதற்குள் மடிக்கணினி சூடேறி இரையத் தொடங்கியது. “இதை அணைச்சுக் கொஞ்சம் ஆற விடுவோம். அப்புறம் குரலை எடுப்போம்” என்ற ஒல்லி, கை போன போக்கில் அதே கறுப்புத் திரையில் நிறுத்தும் கட்டளையைத் தட்டிவிட்டான்.

மடிக்கணினி இரைந்துகொண்டே இருந்தது.

“இங்க அணையலையே?” என்றேன்.

ஒல்லி இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “அங்க அணைஞ்சிருச்சுப்பா.”

ஆபீஸ் காவலாளிக்குப் போன் போட்டான். அவர் போய்ப் பெட்டியை எழுப்பினார். கடவுச்சொல் கேட்கிறது என்றார். மருமகள் கல்யாணத் தேதியைச் சொன்னாள். குழந்தையின் பேரைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கமிருந்து “இல்லீங்க” என்று வந்தது.

“மாமா, உங்களுக்கு ஏதாவது தோணுதா?”

“பசிக்குதுன்னுகூட எங்கிட்டச் சொன்னதில்லம்மா அவன்.”

“கேட்ல வண்டி நிக்குதுங்க, போய்த் திறந்து விடணும்” என்றார் காவலாளி.

“நீங்க போங்க” என்றாள் மருமகள்.

“திட்டவாவது திட்டுங்கப்பா” என்றான் ஒல்லி.

“திட்டினா திறக்குமா?”

அவன் வந்திறங்கிய படங்களைத் திறந்து காட்டினான். ஒன்றில் மகன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்திருந்தான். ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். மருமகள் அடுத்த படத்துக்குத் தள்ளாமல் அதையே பார்த்தாள். நான் எழுந்து, மூவருக்கும் தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தேன்.