பாலத்துப் பூதத்தின் புதிய பதிப்பு

ஒஸ்வால்ட் சித்தப்பாவின் வான் நாலு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்படும். அதற்குள் டோரினுக்கு ஒரு பூதம் வேண்டும், ஒருத்தரும் கண்டிராத பூதம்.

லண்டனில் ஒரு கம்பெனி இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தர் கதை சொல்ல மற்றவர்கள் வீரர்களாகி, வெட்டுவதா ஓடுவதா என்று டைஸ் உருட்டித் தீர்க்கிற விளையாட்டொன்றை விற்கிற கம்பெனி. 1999இல் புதிய பதிப்புக்கு வேலை நடந்தது. பழைய பூதங்களுக்கு இப்போது குழந்தைகூடப் பயப்படுவதில்லை என்று தானே ஒப்புக்கொண்டு, அது விளையாடுகிறவர்களுக்கு அறிவித்திருந்தது: ஒரு பழைய பூதத்தை எடுத்து ஒரே பக்கத்தில் புதிதாகச் செய்யுங்கள், மேசையில் சோதித்துவிட்டு அனுப்புங்கள், நல்லவை செய்தவர் பெயரோடு அச்சாகும். கடைசித் திகதி செவ்வாய்க்கிழமை. இன்று ஞாயிறு. யுத்த காலத்துத் தபாலை நம்பினால் பூதம் அதற்கடுத்த பதிப்புக்குத்தான் போய்ச் சேரும். சித்தப்பாவோ நாளைக்கே லண்டனில் இறங்குவார்.

டோரின் எடுத்தது பாலத்துப் பூதம். பழைய புத்தகத்தில் அதற்கு அடிக்கு அடி குறைந்து தீர்ந்தால் சாகிற அறுபது உயிர்ப்புள்ளி, ஒரு கதாயுதம், கடக்கிறவனிடம் ஒரு ஆடு கேட்கிற குணம். அதை நாசமாக்கியவன் ஜாபிர். புறக்கோட்டையில் மூன்று தலைமுறைப் புடைவைக்கடைக்காரன். டோரின் கதை சொல்கிற மேசையில் நாலு வருடமாக அவன் வளர்த்த வீரன் ஒரு பூதத்தையும் வெட்டியதில்லை, எல்லாவற்றோடும் விலை பேசினான். ஆட்டில் தொடங்குகிற பூதம் கோழிக்கு இறங்கி, முட்டைக்கு இறங்கி, கடைசியில் அவனுக்கே வழித்துணையாக வரும். ஆகவே டோரின் தனக்கொரு சட்டம் போட்டிருந்தாள்: ஜாபிரை வெல்லாத பூதம் கொட்டாஞ்சேனையை விட்டு வெளியே போகாது.

மூன்றாவது ஆளான நாகேந்திரம், வெள்ளவத்தையில் கணக்கு டியூஷன் கொடுப்பவன், டோரினின் மாடி வீட்டுக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்தான்.

"மூண்டு இடத்தில பஸ்ஸால இறக்கிச் செக் பண்ணினவங்கள். இந்த இருபது பக்க டைஸைக் கண்டுட்டு ஆமிக்காரன் 'மேக்க மொகக்த?' எண்டு, இதென்னெண்டு சிங்களத்தில கேட்டான். விளங்கப்படுத்தினன். தானும் ஒருக்கா உருட்டிப் பார்த்தான். பதினெட்டு!"

"அவனக் கூட்டி வந்தீக்கலாமே மச்சான்," என்றான் ஜாபிர். "ஒன்ன விட நல்லா வெளாடுவான் போல."

டோரின் முதல் பூதத்தை இறக்கினாள். நூற்றிருபது உயிர்ப்புள்ளி.

"அடிக்குப் பத்துப்படி பன்னிரண்டு அடி," என்று நாகேந்திரம் கொட்டாவி விட்டான். "பயமில்லை, அலுப்புத்தான்."

இரண்டாவது பூதம் நெருப்பு ஊதியது. ஜாபிரின் முகம் மலர்ந்தது. "நெருப்பு ஈக்கா? நல்லம்! பாலத்தடியில சாப்பாட்டுக் கடை போடுவோம். அடுப்பு நீ, கல்லாப்பெட்டி நான். பங்குக்கு வாரியா?" டைஸில் பத்தொன்பது விழுந்தது. பூதம் பங்குக்கு வந்துவிட்டது.

மூன்றேகால். டோரின் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஒரே ஒரு மீன் பற்றீஸ் மிஞ்சியிருந்தது.

"அது எனக்கு," என்றான் ஜாபிர், வாதாடத் தோதாகக் கையை உயர்த்தியபடி.

"எடுங்கோ," என்றாள் டோரின்.

உயர்ந்த கை அப்படியே நின்றது. "நெசமாவா?"

"ஓம், எடுங்கோவன்."

ஜாபிர் பற்றீஸை எடுத்து, முகர்ந்து, பிட்டு உள்ளே பார்த்தான். "ஏன் இவ்வளவு லேசாத் தாறீங்க? இது எப்ப பொரிச்சது?"

டோரின் துள்ளி எழுந்தாள். கேட்ட விலைக்கு உடனே தலையாட்டுகிற கடைக்காரனிடம் புறக்கோட்டைக்காரன் ஒரு கைக்குட்டைகூட வாங்கமாட்டான். சாயம் போகிற துணியா, களவெடுத்த துணியா, தான் சொன்ன விலைதான் மடத்தனமா என்று தெரியும்வரை அவனுக்கு நித்திரை வராது. அவள் எழுதியதையெல்லாம் வெட்டிவிட்டு ஆறே வரி எழுதினாள்.

"பாலத்தில பூதம் குந்தியிருக்கு. உங்கட முழங்கால் உயரம்தான்."

"ஆடெல்லாம் ஏலா," என்று ஜாபிர் தொடங்கினான். "ஒரு கோழி."

"சரியாம். வழி விட்டு நிக்குது."

"என்ன சரி?"

"மச்சான், போடா!" என்றான் நாகேந்திரம்.

"பொறு. பாலத்துக்குக் கல்லெறிஞ்சு பாக்கிறேன்."

"நல்ல உறுதியான பாலம்," என்றாள் டோரின்.

"அப்ப அரைக் கோழி."

"சரியாம். பூதம் இப்ப உங்கட உயரம்."

"ஒரு முட்டை!"

"சரியாம். இப்ப மாடி வீட்டு உயரம்."

ஜாபிரின் நெற்றியில் வியர்வை. "இதில என்னமோ ஈக்கு. ரெண்டு ஆடு தாறேன், உண்மையச் செல்லு!" வாங்க வந்தவன் விலையைத் தானே ஏற்றினான். அவன் பரம்பரையிலேயே நடக்காத காரியம்.

"சரியாம். அண்ணாந்து பார்த்தாலும் தலை தெரியேல்லை."

நாலு வருடத்தில் முதல் தடவையாக ஜாபிர் வாளை உருவினான். டைஸில் இரண்டு விழுந்தது. பூதம் ஒரே வாயில் விழுங்கியது.

ஜாபிர் கதிரை விழ எழுந்தான். "அல்லாஹ்வே! கோழியோட போயீந்தா?"

"போயிருக்கலாம். விலையை மாத்த மாத்தத்தான் வளரும்."

"தொடக்கத்தில எத்தினை உயிர்ப்புள்ளி?" என்றான் நாகேந்திரம்.

"ஒண்டு."

"ஒண்டா!" நாகேந்திரம் மேசையில் அடித்த அடியில் தட்டு துள்ளியது. "தும்மியிருந்தாலே செத்திருக்கும்!"

கீழே வான் ஹோர்ன் அடித்தது. லண்டனுக்கு அனுப்ப நல்ல பிரதி இன்னும் எழுதவில்லை, கூட வைக்கிற படத்தில் பூதத்துக்குக் காலில்லை.

"எழுதுங்க. அங்கிள நான் பாத்துக்கொள்றேன்," என்று ஜாபிர் படிகளில் பாய்ந்தான். யன்னலால் அவன் குரல் வந்தது: "அங்கிள், இந்த சூட்கேஸ என்ன வெலைக்கு எடுத்தீங்க?" சித்தப்பா விலையைச் சொன்னார். ஜாபிர் செத்த வீட்டில் போல ஓலமிட்டான். மானத்தைக் காப்பாற்றச் சித்தப்பா வானை விட்டு இறங்கி, பூட்டையும் சில்லையும் தட்டித் தட்டிக் காட்டத் தொடங்கினார்.

பன்னிரண்டு நிமிடம் கிடைத்தது. டோரின் எழுதினாள், நாகேந்திரம் ஊதி ஊதி மை காயவைத்தான். வெறுங்காலோடு ஓடிவந்து அவள் என்வலப்பை நீட்டினாள்.

"உள்ளுக்க என்ன பிள்ளை? செக் பொயின்டில கேட்டா என்ன சொல்றது?"

"பூதம் எண்டு சொல்லுங்கோ, சித்தப்பா."

வான் ஜம்பட்டா வீதிப் பக்கம் திரும்பி மறைந்தது. ஜாபிர் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தான்.

"என்ட நாலு வருஷத்தையும் தின்னுட்டு லண்டன் போகுது, பாருங்க," என்றான், பெற்ற பிள்ளையை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்ட பெருமையோடு.