பாக்கெட்டில் கிடைத்தது

கடிதம் காணாமல் போனது செவ்வாய்க்கிழமை. சின்னவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அழ முடியாது என்பார்கள். அந்த வீட்டில் எதையும் திருடாதவளுக்கும் அதே கதிதான்.

கீழே சலவைக் கடை, மேலே வீடு. அம்மா முன்மேசையில் உட்கார்ந்து துணிகளை வாங்கி எண் துண்டு தைப்பாள். கூடவே தெருவின் வம்பையும் வாங்கி வைத்துக்கொள்வாள். அண்ணன் சலவை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறான், அதாவது அவை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். காலமான அப்பாவின் தங்கை, அத்தை, முழங்கால் வலியோடு மாடியில் இருக்கிறாள். முன்கதவு மணி அடித்ததும் மேலிருந்து "யாரு வந்தது?" என்று குரல் வரும். பதில் வரும்வரை குரல் ஓயாது. முன்கதவு வாடிக்கையாளர்களுக்கு மட்டும். வீட்டார் போக வரப் பின்கதவு.

சின்னவளுக்கு வயது முப்பத்திரண்டு. பின்னறையில் கறை எடுப்பது அவள் வேலை. ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தாலே அது தேநீரா காப்பியா, சிந்தியது நேற்றா போன மாதமா, சொந்தக்காரர் பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவாள். பத்து வருஷமாக அந்தக் குடும்பம் அவளுடைய கண்ணில்தான் பிழைக்கிறது. அவள் எங்கே பார்க்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவள் பார்த்தது நான்கு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த ஓர் அருங்காட்சியகத்தை. அங்கே நூறு இருநூறு வருஷத்துத் துணிகளைக் கெடாமல் காக்கும் பிரிவில் ஆள் தேவைப்பட்டது. யாருக்கும் தெரியாமல் மனுப் போட்டாள், அவர்களும் அவளைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். கூடவே ஓர் இளஞ்சிவப்புப் படிவம். அதில் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள், இரண்டு தெரு தள்ளி நூலகத்தில் இருக்கும் அவர்களுடைய கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஒன்பது நாள் அது அவளுடைய பழுப்புக் கோட்டின் உள்பாக்கெட்டில் இருந்தது. செவ்வாயன்று கோட்டு துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் வந்தது. பாக்கெட் காலி.

சந்தில் நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"படிவம் இல்லாம முடியாதுங்க. மறுபடி அனுப்ப ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள அடுத்த பேருக்குப் போயிடும்," என்றது மறுமுனை.

முதலில் கோட்டையே விசாரித்தாள். காகிதம் இயந்திரத்துக்குள் போயிருந்தால் கூழாகித் தையலிலெல்லாம் வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். உள்தையலைப் பிரித்துத் தூரிகையால் வருடினாள். ஒரு துகள் இல்லை. அப்படியானால் துவைப்பதற்கு முன்பே யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள்.

புதன்கிழமை காலை அண்ணன் அவளுடைய மேசைக்கு ஒரு புது விளக்கு வாங்கி வந்தான். இரண்டு வருஷமாகக் கேட்டும் வராத விளக்கு.

"கண்ணு கெட்டுப்போகுமில்ல, பாவம்," என்றான்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை ஞாபகம் வந்தது அவளுக்கு. விளக்கைப் போட்டாள். அதன் வெளிச்சத்தில் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவன் இயந்திரம் பக்கம் நழுவிவிட்டான்.

மத்தியானம் மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அத்தை பெருமூச்சு விட்டாள். "பெரிய ஊருங்கள்ல தனியா இருக்கிற பொண்ணுங்களுக்கு முதுகு வலி வருதாமே. ஒரு தைலம் தேச்சுவிட ஆள் இருக்காதாமே."

"எந்தப் பொண்ணுங்க, அத்தை?"

"பொதுவாச் சொன்னேன்."

அத்தை பொதுவாக எதையும் சொன்னதில்லை. அவள் கண்ணயர்ந்ததும் சின்னவள் அவளுடைய இழுப்பறைகளைத் திறந்தாள். ஆறு மாதத்துக்கு முன் தொலைந்த தன் சீப்பு கிடைத்தது. அண்ணனின் கைக்கடிகாரம் கிடைத்தது. தன் பள்ளிக்கூடப் புகைப்படம்கூடக் கிடைத்தது. கடிதம் இல்லை.

"எதைடி தேடறே?" கண்ணைத் திறக்காமலே அத்தை கேட்டாள்.

"ஊசி."

"அதான் உன் சட்டையிலேயே குத்தி வச்சிருக்கியே."

எல்லாவற்றையும்விட அம்மாதான் பயமுறுத்தினாள். இரண்டு நாளாகத் திட்டவில்லை. சாப்பாட்டில் குறை சொல்லவில்லை, நடையில் குறை சொல்லவில்லை, சின்னவள் வேண்டுமென்றே கதவை அடித்துச் சாத்தியபோதுகூட வாயைத் திறக்கவில்லை. மழைக்கு முன்னால் காற்று நின்றுபோவதுபோல இருந்தது வீடு.

வியாழக்கிழமை அவள் நிதானம் இழந்தாள். கடையில் இஸ்திரி போடுகிறவருக்கு 'ஆவி அண்ணன்' என்று பெயர். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பவர். துவைக்கப் போகிற துணிகளின் பாக்கெட்டுகளைக் காலையில் தடவிப் பார்ப்பதும் அவர்தான். கிடைக்கும் பொருளைக் காகித உறையில் போட்டு அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அதை முன்மேசைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். சொந்தக்காரர் நேரில் வந்து, என்ன பொருள் என்று தன் வாயால் சொல்லி, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி திறக்கும். ஒரு பல் மருத்துவர் தன் மோதிரத்தின் உள்ளே பொறித்திருந்த எழுத்தைச் சொல்லத் தெரியாமல் மூன்று தடவை திரும்பிப் போயிருக்கிறார்.

வீட்டார் துணிக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. அதில் கிடைப்பது நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய் விசாரணைக்கு வரும். அண்ணனின் சட்டையில் ஒரு தடவை இரண்டு சினிமா டிக்கெட் கிடைத்தது. இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்று ஒரு வாரம் வழக்கு நடந்தது.

"என் கோட்டை நீங்கதானே பாத்தீங்க? உள்ள இருந்ததை எடுத்தது நீங்கதானே?" என்றாள் ஆவி அண்ணனிடம்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பதினாலு வருஷத்துல நான் ஒண்ணை எடுத்து ஒளிச்சதுண்டாம்மா?"

"அப்ப எங்க போச்சு?"

"கிடைச்சதை எங்க போடணுமோ அங்க போட்டேன்." அவ்வளவுதான். அன்று முழுக்க அவர் அவளிடம் பேசவில்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்தும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. சந்தேகம் பிடித்தவளுக்குக் கண்ணீரும் ஒரு தடயமாகத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, யாருடைய காலரிலோ இருந்த மையை ஒற்றிக்கொண்டிருந்தபோது, அந்த வார்த்தைகள் திரும்பி வந்தன. எங்க போடணுமோ அங்க. சின்னவளின் கை நின்றது.

எட்டிப் பார்த்தாள். அம்மா முன்மேசைப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் செவ்வாயிலிருந்து அவள் அந்த இடத்தைவிட்டு அதிகம் எழுந்திருக்கவே இல்லை.

"அம்மா, மாடியில அத்தை கூப்பிடறாங்க."

"அவ கூப்பிட்டா அடுத்த தெருவுக்கே கேட்கும். எனக்குக் கேட்காதா?"

நாலு இருபது. சின்னவள் கையைக் கழுவினாள். பின்கதவு வழியாக வெளியே போய், சந்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, முன்கதவைத் தள்ளினாள். மணி அடித்தது.

"யாரு வந்தது?" என்றது மாடி.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியலை! இன்னும் வாயைத் தொறக்கலை!" என்று மேலே கத்திவிட்டு, "என்னங்க வேணும்?" என்றாள்.

"விளையாடாதேம்மா. என் கோட்டுல ஒண்ணை விட்டுட்டேன்."

"என்ன பொருள்?"

"உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியறது கிடக்கட்டும். சொந்தக்காரங்க சொல்லணும்."

இயந்திரங்களின் சத்தம் நின்றது. அண்ணன் வாசல் திரைக்குப் பின்னால் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"கடிதம்."

"யாருக்கு வந்தது?"

"எனக்கு."

"எதைப் பத்தி?"

"வேலை. மியூசியத்துல. வெளியூர்ல."

"போறியா, இல்லையா?"

"அதெல்லாம் கடை விதியில கிடையாது."

"இன்னிக்குச் சேத்துட்டேன்."

பன்னிரண்டு நாளாக மனசுக்குள் நூறு தடவை சொன்ன வார்த்தை, வெளியே வர அவ்வளவு கனத்தது.

"போறேன்," என்றாள்.

அம்மா கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். உறைக்குள் கடிதமும் படிவமும் பத்திரமாக இருந்தன. சின்னவள் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். மேல் மூலையில் தைலம் பட்ட கட்டைவிரல் தடம். நடுவில் இயந்திர எண்ணெய். ஓரம் முழுக்க, அம்மா எண் எழுதுகிற நீலச் சாக்பீஸ் பொடி.

"மூணு பேரும் படிச்சிருக்கீங்க!"

"நான் முதல் பக்கம் மட்டும்தான்," என்றது திரை.

"ஒரு பக்கம்தாண்டா இருக்கு!" கடிதத்தை மேசைமேல் போட்டாள். "மூணு ராத்திரி தூங்கலை. அந்த மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டேன். படிக்கிறதுக்கு என்னைக் கேக்க வேண்டாம், குடுக்கிறதுக்கு மட்டும் நான் வந்து கேக்கணும், அப்படித்தானே? இது என்னம்மா நியாயம்?"

"நியாயம்னு நான் சொன்னேனா?" அம்மா கடிதத்தின் தேதியில் விரலை வைத்தாள். "ஊரார் பாக்கெட்டை எல்லாம் ஆவி பாத்த அப்புறமும் நீ ஒரு தடவை பாக்கிறவ. இந்தக் கோட்டை மட்டும் எப்படி அப்படியே கூடையில போட்டே? அதுவும் இத்தனை நாள் கையெழுத்துப் போடாம வச்சிருந்துட்டு?"

சின்னவள் கடிதத்தை எடுத்து மடித்தாள்.

"நாங்க யாராவது எடுத்துப் பாத்துட்டு, போகக் கூடாதுன்னு கூரை அதிரக் கத்துவோம், அப்புறம் காலம் பூரா எங்களைக் குத்தம் சொல்லிக்கிட்டு இங்கேயே இருக்கலாம்னு பாத்தே. கத்தணும்னு எனக்கும் நாக்கு துடிச்சுது. அதான் வாயை மூடிக்கிட்டேன்."

அண்ணனைச் சந்தேகித்தாள், அத்தையைச் சந்தேகித்தாள், ஒரு பாவமும் அறியாத ஆவி அண்ணனைச் சந்தேகித்தாள். கோட்டைக் கூடையில் போட்ட தன் கையைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அம்மா புத்தகத்தைத் திருப்பி வைத்தாள். 'விட்டவர்' என்ற இடத்திலும் 'வாங்கியவர்' என்ற இடத்திலும் சின்னவள் ஒரே கையெழுத்தைப் போட்டாள். அதே பேனாவால், அதே மேசையில், படிவத்திலும் போட்டாள்.

"அப்ப கறையெல்லாம் யாரு எடுப்பா?" அண்ணன் திரையை விலக்கினான். "விளக்கு வேற வாங்கிட்டேனே!"

"நல்ல வெளிச்சம். நீ கத்துக்கோ."

பின்னறைப் பக்கம் ஓடினாள். ஆவி அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "அண்ணே, நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

"முதல்ல அதைக் கொண்டுபோய்க் குடும்மா. மணியைப் பாரு," என்றார் அவர் திரும்பாமலே. ஆனால் நீராவி புஸ்ஸென்று வழக்கம்போல எழுந்தது.

நாலு நாற்பது. "வண்டியில கொண்டுபோய் விடச் சொல்றேன். தலையை வாரிக்கோ. அங்க போய் முழிக்காதே, பேரைச் சத்தமாச் சொல்லு," என்று அம்மா மூன்று நாள் பாக்கியை ஒரே மூச்சில் தீர்த்தாள்.

"நடந்தே போறேன்மா."

படிவத்தை மார்போடு பிடித்துக்கொண்டு சின்னவள் முன்கதவைத் திறந்தாள். மணி அடித்தது.

"யாரு வந்தது?" என்றது மாடி.

அத்தை மறுபடி கேட்டாள். சின்னவள் படியில் ஒரு கணம் நின்றாள்.

"யாரும் வரலை," என்றாள் அம்மா. கத்தவில்லை, மாடிக்கு அது கேட்டிருக்காது. "போறா."