டெஸ் கழற்றாத கண்ணாடி

1

இந்தக் கதை பிறந்தது அடிலெய்டில், ஒரு கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில். உள்ளே டெஸ்ஸின் விழித்திரையில் கிழிசல். லேசரால் ஒட்டாவிட்டால் அந்தக் கண் போய்விடும். வெளியே அவன் மனைவி மார்னியும் நானும். டெஸ்ஸுக்கும் மார்னிக்கும் ஒரே லேசர் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே பாதுகாப்புப் பொறுப்பு மார்னியுடையது. நான் விண்வெளிக் கதை எழுதி, அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறவன்.

அங்கே உட்கார்ந்து நான் எழுதிய முதல் வரி: ‘பச்சைக் கதிர் சீறிப் பாய்ந்து தொப்பைத் தளபதியின் மார்பை...’

மார்னி எட்டிப் பார்த்தாள். “சீறாதுடா. விண்வெளியில சத்தம் ஏது? பக்கத்துலேர்ந்து பாத்தா கதிரே தெரியாது. இரு, இந்தத் தொப்பை... தளபதி எங்க டெஸ்தானே? இன்னிக்கா அவனைச் சாகடிக்கிறே?”

2

(பதிப்பாசிரியர் ஒரு சாவு கேட்டிருந்தார். நான் என்ன செய்ய?)

‘வில்லன் கைத்துப்பாக்கியை உயர்த்தி...’

“அந்தச் சின்னதுல பேட்டரி பத்தாது. பத்தினாலும் பாதிக்கு மேல சூடா துப்பாக்கியிலேயே தங்கிடும். சுடறவன் கைதான் முதல்ல வேகும்.”

“அப்போ நடக்கவே நடக்காதா?”

“லாரியில ஏத்துற அளவு இருந்தா நடக்கும். ட்ரோன் மேல ஒரே இடத்துல கொஞ்ச நேரம் பிடிச்சா பொத்தல் விழும். உன் தளபதி அதுவரைக்கும் ஆடாம நிப்பானா? கொல்றதுதான்டா கஷ்டம். கண்ணைக் கெடுக்க இத்துனூண்டு போதும்.”

சொல்லிவிட்டு மூடிய கதவைப் பார்த்தாள். யார் கண்ணிலும் லேசர் படாமல் காப்பதுதான் அவள் வேலை. இங்கே ஓர் உவமை வைக்க நினைத்தேன். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

3

கதவு திறந்தது. “மேடம், கொஞ்சம் உள்ள வாங்க,” என்றார் டாக்டர்.

‘அவர் தலையைக் குனிந்தபடி...’ (அடித்துவிட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.)

நடந்தது இதுதான். டாக்டர் “லேசர் தயார்” என்றதும் டெஸ், ஆய்வுக்கூட விதிப்படி, ஒளி பட்டுத் தெறிக்கும் வாட்ச், மோதிரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, பையிலிருந்து ஆய்வுக்கூடக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். டாக்டரின் லேசரும் பச்சை; அதே பச்சை ஒளியைத் தடுக்கவென்றே செய்த கண்ணாடி.

“கழட்டித் தொலைடா, எருமை!” மார்னியின் குரல் வெளியே வரை கேட்டது.

“லேசர் ஓடறப்போ கழட்டினா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு சொன்னது யாரு?”

“நான்தான். இப்போ நானே சொல்றேன், கழட்டு!”

கண்ணாடியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

4

கிழிசல் ஒட்டிவிட்டது, கண் தப்பித்தது என்றார் டாக்டர். அப்பாடா!

டெஸ் வெளியே வந்து, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். “மங்கலாத்தான் இருக்கு. ஆனா உன் சட்டை கேவலமா இருக்குன்னு தெரியுதுடா.”

மார்னி சிரித்தாள், பிறகு அழுதாள். நானும்தான்.

வில்லன் இன்னும் துப்பாக்கியை நீட்டியபடி நிற்கிறான். என்னால் அழுத்த முடியாது. பதிப்பாசிரியரைப் போல உங்களுக்கும் ஒரு சாவு வேண்டுமென்றால், இந்தாருங்கள், விசை உங்களிடம். எங்கள் டெஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.