முழுக்கை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தையற்கடையில். சட்டைக்குப் பொத்தான் வைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, மேசைமேல் கிடந்த அளவு நோட்டைச் சும்மா புரட்டினேன். ஒரே பக்கத்தில் ஏழு சிறுமிகள். ஏழு பேருக்கும் எதிரே 'முழுக்கை'. நான் கண்டது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரின் கொடூரமான கண்கள்...' அடித்துவிட்டேன். அப்படிப்பட்ட கண்கள் இருந்திருந்தால் மூன்று வருடம் பிள்ளைகளை அவரிடம் அனுப்பிவிட்டு யார் சும்மா இருந்திருப்பார்கள்? அவருக்குச் சிரித்த முகம். பிள்ளைகளின் பிறந்தநாளை மறக்காதவர். கதவைச் சாத்திக்கொண்டுதான் பயிற்சி கொடுப்பார். பெற்றோர் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுமாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாக்களும் தலையாட்டினார்கள்.

ஆகவே கதையைத் தையற்காரியிடம் கொடுக்கிறேன்.

3

அவள் மகளுக்குப் பதினொரு வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். ஒருநாள் வந்து நின்றாள்.

"அம்மா, டிரெஸ்ஸுக்கு ஃபுல் கை வச்சுக் குடு."

"இந்த வெக்கையில ஃபுல் கையா? புழுங்காதாடி?"

"வேணும்னா வேணும்."

தைத்தாள். மணிக்கட்டில் சிவப்புப் பட்டையெல்லாம் வைத்து நன்றாகவே தைத்தாள். இரண்டாம் வாரம் இன்னொரு சிறுமி வந்தாள், பிறகு இன்னொருத்தி. தன் தையல் பிடித்துப்போய்த்தான் வருகிறார்கள் என்று தையற்காரிக்குத் தலைகால் புரியவில்லை. புஜத்தில் டேப்பைச் சுற்றும்போது ஒவ்வொருத்தியும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்து, நோட்டில் 'கை தளர்வாக' என்று குறித்துக்கொண்டாள்.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஆனால் அந்த நோட்டைப் பார்த்ததும் நான் முதலில் நினைத்தது, 'பரவாயில்லை, வியாபாரம் நன்றாக நடக்கிறது' என்பதுதான்.)

4

இன்று மாலை. மேசையில் பத்து நாள் வெளியூர் முகாமுக்கான சம்மதப் படிவம். நாளைக் காலை பஸ். தையற்காரி பேனா தேடி உள்ளே போகிறாள். யாரும் இல்லை என்று மகள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள். புஜத்தில் நான்கு விரல் பதிந்த தடம். பழையது மஞ்சளாக, அதன்மேல் புதியது நீலமாக.

"யாருடி இப்படிப் பண்ணுனது?"

"கால் நேரா நிக்கலைன்னா மாஸ்டர் கையப் பிடிச்சு முறுக்குவார்மா. எல்லாரையும்தான். வெளிய சொன்னா டீம்ல இருந்து தூக்கிடுவார். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கா?"

"நீதானே எல்லாருக்கும் ஃபுல் கை தச்சுக் குடுத்த."

5

முடிவு ஒன்று: படிவத்தைக் கிழிக்கிறாள். மகள் தப்பிக்கிறாள், மீதி ஆறு பேர் பஸ் ஏறுகிறார்கள்.

முடிவு இரண்டு: நேரே போய் அவர் கன்னத்தில் பளாரென்று... எழுதக் கை பரபரக்கிறது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே, "விளையாட்டுன்னா நாலு அடி படத்தாம்மா செய்யும்" என்பார். பெஞ்சில் இருக்கும் அம்மாக்கள் தலையாட்டுவார்கள்.

ஆகவே அவள் அளவு நோட்டை எடுக்கிறாள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அம்மாவின் போன் நம்பர். முதல் எண்ணை அழுத்துகிறாள்.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. மணி அடிப்பது உங்கள் வீட்டில். நீங்கள் காலையிலேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் மகள் அடுத்த அறையில் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.