முத்தாகக் கேட்டேன், மாவாக வந்தது

...பிப்பெட்டின் டிப் மாற்றினேனா, ஒவ்வொரு குழாய்க்கும் மாற்றினேன், நோட்டில் டிக் போட்டிருக்கிறேன், பிறகு ஏன் இந்தச் சந்தேகம்... வெறும் தண்ணீர் விட்ட குழாயில் ஒன்றுமில்லை, அது சுத்தம், என் அண்ணன் செழியனின் மக்காச்சோள மாவு வைத்த குழாய்க்கு மட்டும் பிசிஆர் ஜெல்லில் ஒளிப்பட்டை, கள்ளக்குறிச்சி மாலை வகுப்பின் சின்ன ஆய்வகத்தில், நீல வெளிச்சத்தில், இது மரபணு மாற்றிய விதை என்று சொல்கிற பட்டை. முதலில் செய்த ஸ்ட்ரிப் சோதனையில் ஒற்றைக் கோடுதான் வந்தது, அதாவது இல்லை, எவ்வளவு சந்தோஷப்பட்டேன்... ஆனால் மாவு மணத்தது, வறுத்த மணம். மில்லில் முன்னால் அரைத்தவர்களின் மாவு கலந்துவிடக் கூடாதென்று வறுக்காத முத்தாகத்தான் கேட்டேன், வந்தது மாவு.

ஏன் வறுத்தாய் என்று கேட்டால் அண்ணன் சிரித்தான். "இன்னா பாப்பா, சத்துமாவுக்கு வறுக்காம பச்சையாவா அரைப்பாங்க? படிச்சிக்கினு இருக்கறவளுக்கு இதுகூடத் தெர்ல." நியாயம்தான், எல்லோரும் வறுக்கிறார்கள்... ஆனால் போன மாதம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஸ்ட்ரிப் புரதத்தைத்தான் பார்க்கும், சூடு பட்டால் புரதம் சிதைந்துவிடும், கோடு வராது என்று பீற்றிக்கொண்டது யார்? நான்தான். "அப்ப வறுத்துட்டா தெரியாதா?" சும்மா கேட்பதுபோல் கேட்டான். தெரியாது என்றேன். மரபணு சூட்டைத் தாங்கும், மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனையில் மாட்டும் என்பதை அப்போது நானே படித்திருக்கவில்லை. அம்மா வைத்துவிட்டுப் போன விதை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன்... பில் இல்லாத இந்தக் கள்ள விதையை எவனிடம் வாங்கினான், எத்தனை பருவமாக?

கல்வராயன் மலையிலிருந்து பூமாலை அக்காவின் போன், அவருடைய மகளிர் குழு இந்தச் சோளத்தில்தான் பிள்ளைகளுக்குச் சத்துமாவு போடப் போகிறது. "நீ ஒரு வார்த்த சொன்னா போதும் பாப்பா, நாட்டு மக்காச்சோளம்னு பாக்கெட்ல ஒட்டிட்றோம். மூட்டைய ஏத்தச் சொல்லட்டா?" உண்மையைச் சொல்லிவிட்டால் அண்ணனின் சோளத்தை இனி மலையில் யாரும் தொடமாட்டார்கள், சொல்லாவிட்டால் பொய்யை என் பெயரில் ஒட்டுவார்கள்... "வேணாங்க்கா, ஏத்தாதீங்க," என்றேன். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

அவன் என்னை ஏமாற்றினான், நான் சொல்லிக்கொடுத்ததை வைத்தே ஏமாற்றினான், சரி, அழுதுகொள்ளலாம்... ஆனால் ஸ்ட்ரிப்பில் ஒற்றைக் கோடு வந்த அன்றே, சந்தோஷப்பட்ட அந்தக் கையாலேயே, மாவில் கொஞ்சத்தைப் பெயர் எழுதாத குழாயில் போட்டுக் குளிர்பெட்டியில் மற்றக் குழாய்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். இன்னொரு சோதனை இருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை. இன்று எடுத்துச் சோதிக்கும்வரை பத்து நாள் அந்தக் குழாய் அங்கேயே இருந்தது, தினமும் பேசினோம்... சொல்லியிருந்தால், அவனே உண்மையைச் சொல்லியிருப்பானோ?