‘இங்குட்டு’ வீடு மாறுகிறது

...இல்லை, ராகுகாலம் போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை, நாங்கள் வேதக்காரர்கள், அதெல்லாம் பார்ப்பதில்லை, பத்தரை மணி வரைக்கும் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், துணி நிறையக் கிடந்தது, பத்தரை அடித்ததும் துணி தீர்ந்துபோனால் அதற்கு நான் என்ன செய்ய... டோனி மட்டும் பேப்பருக்கு மேலே கண்ணைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார், சிரிக்கட்டும், சிவகங்கை ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவருக்கு வீடு மாறுகிற பதற்றம் என்ன தெரியும், கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாலு வாடகை வீடு மாறியிருக்கிறோம், நாலு தடவையும் பாத்திரம் கட்டியது நான், பழைய வீட்டைக் கழுவிவிட்டது நான், சாவியைக் கொடுத்தது நான், அவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டு வண்டியில் முன்னால் போனவர். இது ஐந்தாவது. செக்காலை ரோட்டில் ஹலீம் பாயின் பிரவுசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், மோடம் கத்துகிறது, கத்தி முடிக்கட்டும், கையில் இரண்டு ஃபிளாப்பி, அதற்குள்தான் வீட்டுச் சாமான் மொத்தமும் இருக்கிறது. இன்டர்நெட்டில் இருக்கிற என் வீடு. அதற்கு ‘இங்குட்டு’ என்று பேர் வைத்தது நான்தான், வைத்த அன்றைக்கு எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

வாராவாரம் எழுதுகிறேன், பெரிதாக ஒன்றுமில்லை, இந்த வாரம் திங்கட்கிழமைச் சந்தையில் மாவடு வந்துவிட்டது, புதுவயலிலிருந்து வந்த அரிசி லாரி ஐந்து விளக்குப் பக்கம் திரும்ப முடியாமல் நின்று ஊரையே ஹாரன் அடிக்க வைத்தது, பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தில் பூ உதிர்ந்து என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தலையெல்லாம் வெள்ளை... இதைப் போய் யார் படிப்பார்கள் என்றார் டோனி, படிக்கிறார்களே, சிங்கப்பூரில் படிக்கிறார்கள், துபாயில் படிக்கிறார்கள், அமெரிக்காவில் ஒரு நாச்சியம்மை ஆச்சி மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, பிறகு ஏன் வீடு மாறுகிறாய் என்றால், இலவசமாக இடம் கொடுத்த கம்பெனிக்காரன் செய்த வேலை, என்னைக் கேட்காமல் என் பக்கத்துக்குத் தலைமாட்டில் விளம்பரம் தொங்கவிட ஆரம்பித்தான், நான் தவக்காலத்துச் சிலுவைப்பாதை பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறேன், அதற்கு மேலே நீச்சல் உடையில் ஒருத்தி சிரித்துக்கொண்டு நிற்கிறாள்! அதை எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பார்க்கவா வேண்டும், பார்த்தார்கள், "எழுத்து நல்லாருக்கு அனிதா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள், அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். அன்றைக்கே முடிவு பண்ணினேன், வேறு வீடு.

வேறு வீடும் கிடைத்தது, விளம்பரம் கிடையாது, இடமும் தாராளம், நேற்றுத்தான் விலாசம் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம், தமிழ் எழுத்து தெரிவதற்கான ஃபாண்ட்டைக்கூட, ஆனால் வாசகர்கள் வந்து எழுதிவிட்டுப் போகிற ‘வந்தவர்கள்’ பக்கத்தை மட்டும் எடுக்க முடியாது, அது பழைய கம்பெனிக்காரனுடையது, வாடகை வீட்டுக் கிணறு போல. போகட்டும் என்று விட முடியவில்லை. அதில்தான் ஊர்க்காரர் இருக்கிறார். பேர் கிடையாது, ஈமெயில் கிடையாது, ‘ஊர்க்காரர்’ என்று மட்டும் போட்டு, ஆங்கில எழுத்தில் தமிழ், இரண்டே வரி, நான் எழுதிய எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறார். மாவடு என்றால் "உப்பில் போட்டாச்சா?", லாரி என்றால் "நல்லா மாட்டிக்கிட்டானா?", முடிவில் எப்போதும் ஒரே கேள்வி, "இன்னைக்கு அங்க வெயிலா, மேகமா?" அந்தக் கேள்வியில் என்னமோ இருந்தது, படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், எந்தப் பனி கொட்டுகிற தேசத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ, இல்லை கப்பலில் இருக்கிறாரோ, ஊருக்கு வந்து எத்தனை காலம் ஆச்சோ... வெட்கத்தை விட்டுச் சொன்னால் நான் அந்த ஒருத்தருக்காகத்தான் எழுதினேன், எழுத உட்காருமுன் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு வருவேன், அவருக்குச் சொல்ல வேண்டுமே. மற்றவர்களுக்கெல்லாம் ஈமெயில் போட்டுப் புது விலாசம் சொல்லிவிடலாம். இவருக்கு எப்படிச் சொல்ல? அதற்குத்தான் இரண்டாவது ஃபிளாப்பியில் ஒரு பக்கம் தனியாகத் தயாராக இருக்கிறது, ‘இங்குட்டு வீடு மாறிவிட்டது, இங்கே வாருங்கள்’, அதைப் பழைய வீட்டு வாசலில் ஒட்டி வைத்துவிட்டால் போதும், எப்போது வந்தாலும் பார்த்துக்கொள்வார். நான் முட்டாள் இல்லை.

லைன் கிடைத்தது. ஒவ்வொரு பக்கமாகப் புது வீட்டுக்கு ஏறுகிறது, கட்டைவண்டி கணக்காக, நடுவில் ஒரு தரம் அறுந்து, பாய் "இருங்க டீச்சர், திரும்பப் போடுறேன்" என்று போட்டு, திரும்ப ஏறுகிறது. இந்த மனுஷர் காலையில் திறந்தால் ராத்திரி பூட்டும் வரைக்கும் இதற்குள்தான், வெயில் தெறிக்கக் கூடாதென்று கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டி, ஏசி போட்டு, சாப்பாடுகூடப் பின்கதவு வழியாக வீட்டிலிருந்து வரும், அவர் தொழப் போகிற நேரத்துக்கு அவர் சம்சாரம் சுபைதாக்கா வந்து உட்காருவாள், அந்த நாற்காலியை இரண்டு பேரில் ஒருத்தர் விட்டு நான் பார்த்ததில்லை. "வெலாசத்தைச் சொல்லுங்க, என் மெசின்ல திறக்குதான்னு பாப்போம்" என்றார், எழுத்தெழுத்தாகச் சொன்னேன், அவருடைய திரையிலும் விரிந்தது, விளம்பரம் இல்லாமல், சுத்தமாக, வெள்ளையடித்த மாதிரி! "இதைப் போயி வாரம் தவறாம எழுதுறீகளே, எனக்குப் படிக்க எங்க நேரம்" என்றார். அதற்குள் சுபைதாக்கா பின்கதவைத் தள்ளிக்கொண்டு தட்டில் மூன்று டம்ளரோடு வருகிறாள், "புது வீட்டுக்குப் போறீக, பால் காய்ச்ச வேணாமா? நான் காய்ச்சிட்டேன்" என்று. கேலிதான், ஆனால் டம்ளரில் இருந்தது நிஜப் பால், சீனி தூக்கலாக. எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. அதுதான் வினை.

என்ன செய்தேன்? பால் குடித்த கையோடு பழைய வீட்டைக் காலி பண்ணப் போனேன். வாசலில் ஒட்டுவதை ஒட்டிவிட்டுப் பேசாமல் எழுந்திருக்க வேண்டியதுதானே? அது முடியாது, குப்பையோடு வீட்டை விட்டு வந்தால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார், எங்கள் அம்மா வீட்டிலும் சரி மாமியார் வீட்டிலும் சரி, அடுத்து வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று கரி படிந்த சுவரைக்கூடத் தேய்த்துவிட்டு வருவோம்... ஒவ்வொரு பக்கமாக அழித்தேன், படங்களை அழித்தேன், கூட்டிப் பெருக்கியது போல இருந்தது, கடைசியில் கம்பெனிக்காரன் கேட்கிறான், கணக்கை மூடிவிடலாமா என்று, நிச்சயமாகவா என்று இன்னொரு தரம் கேட்கிறான், ‘எல்லாம் எடுத்தாச்சாம்மா?’ என்று வீட்டுக்காரர் சாவிக்குக் கை நீட்டுவது போலவே இருந்தது, நானும் மரியாதையாக ஆமாம் என்று அமுக்கினேன். அமுக்கின விரலை எடுக்கவில்லை, இரண்டாவது ஃபிளாப்பி மேஜை மேல் கண்ணில் பட்டது. ஒட்டவே இல்லையே! உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி ஒரு வீடே கிடையாது என்கிறான். ‘வந்தவர்கள்’ பக்கமும் கிடையாது. ஊர்க்காரர் அடுத்த தடவை வந்தால் வெறும் சுவர்.

"இப்புடியா பண்ணுவீக!" என்று பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார், எனக்கு இருந்த பதற்றம் அவருக்கும் இருந்தது. "திரும்ப வாங்க முடியாதா?" என்று சுபைதாக்கா. முடியாதாம். கண் நிறைந்துவிட்டது, நாற்பது வயதுப் பொம்பளை ஃபிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதால் நன்றாகவா இருக்கும், டோனிக்கு போன் போட்டு வருகிறேன் என்று எதிர்த்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். டோனி முழுக்கக் கேட்டுவிட்டு, "அவருக்கு உன் எழுத்து வேணும்னா தேடிக்கிட்டு வருவார்டி" என்றார், ஆறுதலாம், இத்தனை பெரிய உலகத்தில் எங்கே என்று தேடுவார், பேரும் ஊரும் தெரியாத ஆளுக்கு நான் எந்த வாசலில் போய்ச் சொல்ல... வெளியே வந்தால் மேற்கே கருக்கட்டியிருந்தது, காற்றில் மண் வாசம், வழக்கம் போல மனசுக்குள் குறித்துக்கொண்டேன், குறித்த பிறகுதான் யாருக்கு என்று உறைத்தது.

திரும்பி வந்தேன். கடையில் வேறு ஆளில்லை, பாய் அவர் நாற்காலியில், சுபைதாக்கா முதலாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் துணி வைத்து மேஜை துடைத்துக்கொண்டு. நானும் உட்கார்ந்து, வேறு என்ன செய்ய, புது வீட்டில் புதிதாகப் போட்ட ‘வந்தவர்கள்’ பக்கம் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று திறந்தேன், நானே முதல் பேரைப் போடலாம் என்று. ஏற்கனவே ஒரு பேர் இருந்தது. ‘ஊர்க்காரர்’. "புது வீடு நல்லாருக்கு. மாவடு என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லையே. இன்னைக்கு அங்க வெயிலா, மேகமா?" அம்மா மாதாவே! எழுந்து ஆடியிருப்பேன், வந்துவிட்டார், கண்டுபிடித்துவிட்டார், டோனி வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று வாயைத் திறந்தவள்... அப்படியே நிறுத்திக்கொண்டேன். இந்த விலாசம் யாருக்குத் தெரியும்? ஈமெயில் ஒருத்தருக்கும் இன்னும் போடவில்லை. டோனியிடம்கூடச் சொல்லவில்லை. வாய்விட்டு ஒரே ஒரு தரம்தான் சொன்னேன், இந்த அறைக்குள், பால் வருமுன், அப்போது பாயின் திரையில் விரிந்தது இன்னும் அப்படியே கிடக்கிறது.

பனி இல்லை, கப்பல் இல்லை. கறுப்புத் தாள் ஒட்டிய இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கூப்பிடு தூரத்துச் சந்தைக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சோ, அந்த வேப்பம்பூவைப் பார்த்துத்தான் எத்தனை வருஷம் ஆச்சோ... பாயா? அக்காவா? இத்தனை நாளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்களா? கேட்டுவிடலாம், கேட்டால் சொல்லிவிடுவார்கள், சொல்லிவிட்டால் அப்புறம் எழுதுவார்களா... பாய் மவுஸைத் திருப்பி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார், அக்கா துடைத்த மேஜையையே இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாத மாதிரி, "வெளியில நல்ல மேகம், மேக்க கருத்துருச்சு, மழை வரும்போல" என்றேன். "ம்" என்று ஒரு சத்தம் வந்தது, மெதுவாக, யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.