வலது கால் செருப்பு

போரில் அடிபட்டவர்களுக்காக அமைத்த சிற்பப் பூங்காவுக்கு மறுநாள் திறப்பு விழா. பதினொரு சிலைகள் தயார். பன்னிரண்டாவதைச் செய்த சிற்பி மட்டும் அதைத் துணியால் மூடிவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

அவனுடைய முதல் வெண்கலச் சிலை அது. குட்டிச்சுவரில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருக்கும் மனிதர் வேறு யாருமல்ல, அக்காவின் கணவர்தான். தையல்காரர். கண்ணிவெடியில் வலது காலை இழந்தவர். சிலையிலோ இடது கால் இல்லை.

தையல்கடை அத்தனை ஒடுக்கம். ஆளை முழுசாகப் பார்ப்பதென்றால் எதிரே மாட்டிய ஆளுயரக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். அவனும் அதைப் பார்த்தே வரைந்து தள்ளினான். கண்ணாடி இடவலத்தை மாற்றிவிட்டது வார்த்து முடித்த பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டவன் இதை எந்த முகத்தோடு சொல்வது?

பூங்கா விதிப்படி, யாரைப் பார்த்துச் செய்தார்களோ அவர் கையெழுத்துப் போட்டால்தான் சிலையைத் திறக்கலாம்.

அத்தான் ஊன்றுகோலோடு வந்தார், பின்னால் அக்கா. சிற்பி துணியை விலக்கினான்.

“கால்சட்டை மடிப்பு நல்லா வந்திருக்கு மாப்ள,” என்றார் அத்தான். “மூக்குதான் கொஞ்சம் தாராளம்.”

“அத்தான், கால்...”

“காலுக்கென்ன? ஒண்ணுதான? எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு.”

அக்காவுக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது. “அடப்பாவி, மிச்சமிருந்த காலையும் எடுத்துட்டியேடா.”

“உருக்கிட்டு மறுபடி செய்றேன்,” என்றான் சிற்பி. “நாளைக்கு இந்த இடம் காலியா கிடக்கட்டும்.”

அத்தான் சிலையின் வலது பாதத்தைச் சாண் போட்டு அளந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, “கட்டிலுக்கடியில இருந்து ஒண்ணு எடுத்துட்டு வா,” என்றார்.

செருப்புக் கடையில் ஒற்றையாகத் தருவதில்லை. பத்தொன்பது வருடமாக அவர் ஜோடியாகத்தான் வாங்கினார். புத்தம்புது வலது கால் செருப்புகள் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. தூக்கிப் போடச் சொல்லி அக்கா சண்டை போடுவாள். அவர் ஒன்றைக்கூட எறிய விட்டதில்லை.

இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குப் போய் அக்கா ஒன்றை எடுத்து வந்தாள். அத்தான் அதைச் சிலைக்கு மாட்டி, பின்வாரை இறுக்கினார்.

“அளவு கச்சிதம். இத மட்டும் கண்ணாடியில பாக்கல போல.”

சிற்பி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். “இடது செருப்ப நான் தேய்ச்சுக்கறேன் மாப்ள. வலத இவன் பாத்துக்கட்டும்.”

அக்கா வெயிலில் இருந்த சிலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன்டா, இவர கொஞ்சம் நெழல்ல உக்கார வச்சிருக்கக் கூடாதா?”